காற்றும் பாயும் பிடிப்பும்

எகிப்தியரின் பழைய சித்திர எழுத்தில், தெற்கே போவதைக் குறிக்கப் பாய் விரித்த படகை வரைந்தார்கள். வடக்கே போவதற்குப் பாய் இறக்கிய படகு. நைல் நதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் காற்றோ ஆண்டின் பெரும்பகுதி வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வீசுகிறது. கடலை நோக்கி இறங்குகிறவனை ஆறு கொண்டுபோகும். மேலே ஏறுகிறவனைக் காற்று கொண்டுபோகும். படகுக்காரன் பாயை ஏற்றினால் போதும், இறக்கினால் போதும். அதே எழுத்தில் காற்றுக்கும் மூச்சுக்கும் பாயின் படத்தையே குறியாக வைத்திருந்தார்கள். பாய்மரத்தைக் கண்டதும் மனித மனம் ஏன் தெய்வத்தை நினைத்தது என்பது இதிலிருந்தே ஓரளவு விளங்கும்.

தட்சிணேசுவரத்தில் கங்கைக் கரையில் வாழ்ந்த ராமகிருஷ்ணர் சொன்னதாக வழங்கும் உபதேசம் ஒன்று தமிழ் வீடுகளிலும் நெடுநாளாகப் புழங்குகிறது. இறையருள் காற்றைப்போல எப்போதும் வீசிக்கொண்டே இருக்கிறது, பாயை விரிக்க வேண்டியது நம் வேலை என்பது அதன் சாரம். துடுப்புப் போட்டுக் கை ஓய்ந்தவனுக்கு இதைவிட ஆறுதலான சொல் வேறென்ன? ஆனால் அந்த ஆறுதலுக்குள்ளேயே பழைய வழக்கு ஒன்றும் உட்கார்ந்திருக்கிறது. பாயை விரிப்பது நம் வேலை என்றால், அந்த வேலைக்கு எவ்வளவு மதிப்பு? கரை சேர்ந்தபின், சேர்த்தது காற்றா, விரித்தவனா?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வைணவ சம்பிரதாயத்தையே இரண்டு கலைகளாகப் பிரித்திருக்கிறது. குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்கிறது. தாய் கிளைக்குக் கிளை தாவும்போது பிடியை விட்டால் விழுந்துவிடும். பூனைக்குட்டி எதையும் பற்றுவதில்லை. தாயே கழுத்தைக் கவ்வித் தூக்கிப்போகிறது. குரங்குக்குட்டியைப்போல, இறைவனை அடைய ஜீவன் தன் பங்குக்குச் சிறிதேனும் செய்தாக வேண்டும் என்ற வேதாந்த தேசிகரின் வழி வடகலையாயிற்று. பூனைக்குட்டியைப்போல, சரணடைகிறோம் என்ற நம் செயலைக்கூட ஒரு வழியாக எண்ணிக்கொள்ளக் கூடாது, வழியும் அவனே என்ற பிள்ளை லோகாசாரியாரின் வழி தென்கலையாயிற்று. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் தொடங்கிய இந்த வாதம் பின்னால் நெற்றித் திருமண்ணிலும் கோயில் வழக்குகளிலும் போய்ச் சிக்கிக்கொண்டது வருத்தத்துக்குரியது. வாதத்தின் உள்ளே இருந்தது அவ்வளவு உயர்ந்த விஷயம்.

இங்கே பிள்ளை லோகாசாரியாரின் வாழ்க்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருவரங்கத்தின்மேல் டில்லிப் படை வந்தபோது, நம்பெருமாளின் உற்சவத் திருமேனியை எடுத்துக்கொண்டு சிறு கூட்டத்தோடு தெற்கே புறப்பட்டவர் அவர். முதுமையில், காட்டுவழியில், மறைந்து மறைந்து நடந்து, மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிஷ்குடியில் அவர் உயிர் பிரிந்தது என்கிறது மரபு. பூனைக்குட்டியைப்போல் இரு என்று போதித்தவர், அந்த நேரத்தில் தாய்ப்பூனையாகி இறைவனையே தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். எல்லாம் அவன் செயல் என்பதைச் சோம்பலுக்குச் சாக்காகச் சொல்கிறவர்கள் இந்த நடையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

குரங்கு, பூனை என்ற இரண்டு உவமைகளோடு பாய்மரத்தையும் மூன்றாவதாக வைத்துப் பார்த்தால் வழக்கே வேறு உருவம் எடுக்கிறது. ஆனால் அதற்குப் படகு உண்மையில் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். பாயை உவமையாகச் சொன்ன பெரியோர்களில் பலர் ஆற்றங்கரையில் நின்று பார்த்தவர்கள். அவர்கள் கண்டது பின்காற்றில் ஓடும் படகை. கடலோடிகளின் அனுபவம் அதைவிடச் சிக்கலானது.

பின்னாலிருந்து காற்று தள்ளுகிறது, படகு முன்னே போகிறது என்பது பாயின் மிகச் சாதாரணமான வேலை. மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றில் படகு 15 கிலோமீட்டர் வேகம் எடுத்துவிட்டால், பாயில் படும் காற்று வெறும் 5 கிலோமீட்டர்தான். ஓட ஓடக் காற்று குறைந்துகொண்டே போகும். காற்று பக்கவாட்டில் வரும்போதுதான் பாய் தன் திறமை முழுவதையும் காட்டுகிறது. விரிந்த பாய் பறவைச் சிறகைப்போல வளைந்து நிற்கிறது; அந்த வளைவு காற்றைத் திருப்பிவிடுகிறது. உள்வளைவில் அழுத்தம் கூடுகிறது, வெளிவளைவில் குறைகிறது, அந்த வித்தியாசம் படகை இழுக்கிறது. படகு வேகமெடுத்தால் முன்னிருந்து வரும் காற்றும் சேர்ந்துகொண்டு பாய்க்கு இன்னும் வலுக் கொடுக்கிறது. 2012 நவம்பரில் நமீபியாவின் வால்விஸ் வளைகுடாவில் பால் லார்சன் ஓட்டிய செயில்ராக்கெட் 2 என்ற படகு, 500 மீட்டர் தூரத்தைச் சராசரியாக 65.45 நாட் வேகத்தில் கடந்தது. மணிக்கு 121 கிலோமீட்டர். அன்று வீசிய காற்றின் வேகம் இதில் பாதிகூட இல்லை.

எதிர்காற்றில் போவது இதைவிட வியப்பு. எந்தக் காற்று வழியை மறிக்கிறதோ அந்தக் காற்றைக் கொண்டே படகு முன்னேறுகிறது. சீத்தாப்பழ விதையை இரண்டு விரல்களுக்கிடையே வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு விரலும் பக்கவாட்டில்தான் அழுத்துகின்றன. வழுக்கும் விதை முன்னால் தெறித்து ஓடுகிறது. படகுக்கு ஒரு விரல் காற்று, இன்னொரு விரல் தண்ணீர். காற்று பாயின் வழியாகப் படகைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கிறது. படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏரா, தண்ணீரில் ஊன்றிக்கொண்டு பக்கவாட்டில் போக மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட படகுக்கு முன்னே போவதைத் தவிர வழியில்லை.

இதில் ஓட்டுகிறவன் கொடுக்கும் விசை எவ்வளவு? ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். கயிற்றை இழுக்கிறான், தளர்த்துகிறான், சுக்கானைப் பிடித்திருக்கிறான். டன் கணக்கான படகை நகர்த்தும் வலு முழுவதும் காற்றுடையது. அவன் கொடுப்பது கோணம் மட்டும். ஆனால் அந்தக் கோணம் சற்றே தவறினால் அதே காற்று படகைப் பாறையில் கொண்டுபோய் மோதும்.

திருக்குறளைப் படிப்பவர்களுக்கு ஒரு பழைய திகைப்பு உண்டு. 38ஆம் அதிகாரமான ஊழின் கடைசிக் குறள், விதியைவிட வலியது எதுவுமில்லை என்கிறது. 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையின் கடைசிக் குறள், சோராமல் உழைப்பவர் விதியையும் புறமுதுகு காட்டச் செய்வார் என்கிறது. 380, 620 என்று இரண்டுமே தத்தம் அதிகாரத்தை முடித்துவைக்கும் இடத்தில் நிற்கின்றன. விதியும் முயற்சியும் கயிறிழுக்கும் போட்டியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு வலுக்கள் என்று வைத்துக்கொண்டால் இரண்டில் ஒரு குறள் பொய்யாக வேண்டும். கடலோடியிடம் கேட்டால் இந்தத் திகைப்பு அவ்வளவு பெரிதாகப் படாது. காற்றைவிட வலியது கடலில் இல்லை என்பதும், அந்தக் காற்றுக்கு எதிரே தான் போய்ச் சேர்ந்தேன் என்பதும் அவனுக்கு ஒரே நாளின் அனுபவம். வலு அங்கே, திசை இங்கே.

புறநானூற்றிலும் இப்படி இரண்டு கலங்கள் மிதக்கின்றன. 192ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார் காட்டுவது மலையாற்றின் வேகத்தில் அகப்பட்ட புணை. நீர் போகும் வழியில் அதுவும் போகும். 66ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார், கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றையே வேலை வாங்கி நடுக்கடலில் கலம் ஓட்டியதைச் சொல்கிறார். பேச்சிலும் மேடையிலும் நாம் முதல் பாட்டைத்தான் அதிகம் எடுத்தாள்கிறோம். இரண்டாவதையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நியாயம்.

புணைக்கும் கப்பலுக்கும் என்ன வேறுபாடு? பாய் என்று சட்டெனத் தோன்றும். புணையில் ஒரு பாயைக் கட்டிப் பார்த்தால் அது சரியில்லை என்று தெரிந்துவிடும். பாய் ஏற்றிய புணை காற்று தள்ளும் பக்கமெல்லாம் போகும், அவ்வளவுதான். வெப்பக் காற்றுப் பலூனில் போகிறவர்களின் அனுபவம் இன்னும் தெளிவானது. பலமான காற்றில் பலூன் பறந்துகொண்டிருக்கும். கூடையில் நிற்பவர்களின் முகத்தில் காற்றே படாது. கையில் ஒரு கொடி இருந்தால் அது துவண்டு தொங்கும். காற்றோடு முழுவதும் போய்விட்டவனுக்குக் காற்று என்று தனியாக ஒன்று இல்லை. அங்கே பாயை விரித்தும் பயனில்லை. பாய்க்குள் காற்று நிறைய வேண்டுமென்றால், படகு வேறு ஏதாவது ஒன்றில் ஊன்றியிருக்க வேண்டும்.

தமிழில் இதற்கு அழகான சொல் இருக்கிறது: பிடிப்பு. வாழ்க்கையில் ஒரு பிடிப்பு வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லும்போது, பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும், நழுவிப் போகாமல் நிறுத்த ஏதாவது வேண்டும் என்ற இரண்டு பொருளும் அதில் உண்டு. அருளைக் காற்று என்றும் மனத்தைப் பாய் என்றும் சொன்ன உவமையில் விடுபட்டுப் போனது இந்தப் பிடிப்பு. தண்ணீருக்கு அடியில் இருப்பதால் கரையில் நிற்பவர் கண்ணுக்கு ஏரா தெரிவதில்லை. அது படகை இழுத்துப் பிடிக்கவும் செய்கிறது. தண்ணீரைக் கிழித்துப் போவதில் வேகத்தின் ஒரு பங்கை அது தின்றுவிடுகிறது. ஆனாலும் அதை எடுத்துவிட்டால் எதிர்காற்றில் படகு ஒரு முழம்கூட முன்னேறாது.

மனித வாழ்க்கையில் ஏரா எது? சாயங்காலம் தவறாமல் ஏற்றும் விளக்கு, ஐந்து வேளைத் தொழுகை, உதட்டளவில் ஓடுவதாகத் தோன்றும் ஜெபமாலை, சஷ்டி விரதம். இவற்றை வெறும் பழக்கம், இயந்திரம்போல் செய்வது என்று பழிப்பது சுலபம். பெரிய அனுபவம் எதுவும் கிடைக்காமல் முப்பது ஆண்டுகள் இவற்றைச் செய்துகொண்டிருப்பவர்கள் உண்டு. அவர்களின் பாயில் காற்று வந்து நிறையும் நாளில், அவர்களை வழிதவறாமல் கொண்டுபோவது அந்த முப்பது ஆண்டுப் பழக்கம்தான். அடுத்த வீட்டு நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோவதும், படுத்த படுக்கையான தாயைக் கழுவித் துடைப்பதும் இதே கணக்கில்தான் வரும். துறவிகள் இவற்றைக் கட்டு என்றார்கள். கட்டுத்தான், ஆனால் ஏராவைப்போல் தாங்குகிற கட்டு. நீரின் அடர்த்தி காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு. அதனால்தான் அவ்வளவு பெரிய பாயின் தள்ளலைத் தாங்க இவ்வளவு சிறிய ஏரா போதுமானதாக இருக்கிறது.

பாக் நீரிணைக் கரையில் வத்தை என்ற பழைய படகுகளில் இந்தப் பிடிப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். படகின் குறுக்கே ஒரு நீண்ட பலகை. அதன் ஒரு முனை, காற்று வரும் பக்கமாகப் படகுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காற்று பாயில் அடித்துப் படகைச் சாய்க்கும்போது ஆட்கள் அந்தப் பலகைமேல் நகர்ந்து நகர்ந்து நுனிக்குப் போவார்கள். அடியில் கடல் நுரைத்து ஓடும். காற்று கூடினால் இன்னும் ஓர் ஆள் வெளியே போவார். குறைந்தால் உள்ளே வருவார். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் இந்தப் பலகையைக் கவனித்து எழுதியிருக்கிறார். தொண்டிப் பக்கம் இன்றும் திருவிழாக்களையொட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடப்பதுண்டு. பலகையில் இருப்பவர் பாயைத் தொடுவதில்லை, சுக்கானையும் தொடுவதில்லை. தன் உடம்பின் எடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் உட்கார்ந்திருக்கும் அளவுக்குத்தான் பாய் காற்றை வாங்க முடியும். மிஞ்சினால் படகு கவிழும். அருள் வருவதற்கு மட்டும் வேண்டிக்கொள்கிறவர்கள், வந்தால் தாங்குவதற்கு என்ன வைத்திருக்கிறோம் என்று யோசிப்பது அபூர்வம்.

படகுக்குப் போக முடியாத திசையும் உண்டு. காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரமும் போகாது. சாதாரணப் படகு காற்றோடு ஏறத்தாழ 45 பாகைக் கோணம் வைத்துத்தான் ஏற முடியும்; பழைய சதுரப்பாய்க் கப்பல்களுக்கு அதுவும் முடியாது. அதனால் வலப்பக்கம் கொஞ்ச தூரம், பாய் மாற்றி இடப்பக்கம் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்தே ஓட வேண்டும். நேர் எதிரே 10 கிலோமீட்டரில் இருக்கும் துறைக்கு 14 கிலோமீட்டர் ஓட்டம். ஒவ்வோர் ஓட்டத்திலும் படகின் முன்முனை துறையை விட்டு விலகியே நிற்கும். கரையிலிருந்து பார்ப்பவருக்கு இவன் வேறெங்கோ போகிறான் என்று தோன்றும். பக்கம் மாறும் அந்தக் கணத்தில் படகு காற்றுக்கு நேர் எதிரே திரும்பிக் கடக்கிறது. பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், இழுவையே இருக்காது. முன்னே சேர்த்துவைத்த வேகம் போதவில்லையென்றால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். சைவத்தை விட்டுச் சமணத்துக்குப் போய்த் தருமசேனராக இருந்து, பிறகு சைவத்துக்கே திரும்பிய திருநாவுக்கரசர் என்ற அப்பரின் வாழ்க்கையை இப்படி ஓர் ஓட்டமாகப் பார்க்கலாம். போன தூரம் வீணானதென்று சொல்ல முடியாது.

அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள் என்றும், அவர் மிதந்து திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரையேறினார் என்றும் மரபு சொல்கிறது. கடலூரை ஒட்டிக் கரையேறவிட்டகுப்பம் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. பாயில்லை, ஏராவில்லை, கட்டிய கல்லே தெப்பம். அதே அப்பர் திருவொற்றியூரில் பாடியபோது மனத்தைத் தோணியாகவும், மதியை அதைத் தள்ளும் கோலாகவும், சினத்தைச் சரக்காகவும் சொன்னார். கவனிக்க வேண்டியது, அது கோல், பாயன்று. கோல் தரையைத் தொடும்வரைதான் உதவும், ஆழக்கடலில் எட்டாது. தோணி பாறையில் மோதிக் கவிழும்போது உன்னை நினைக்கும் உணர்வைத் தா என்று அவர் கேட்பதை, அறிவின் கோல் தரையைத் தொடாத இடத்திலிருந்து எழும் குரலாகப் படிக்கத் தோன்றுகிறது. ஏராவும் பாயும் எல்லா நேரத்துக்கும் ஆகிவராது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. புயலில் பாயை இறக்கித்தான் ஆக வேண்டும்.

இதற்கு நம் காலத்திலேயே ஒரு சாட்சி உண்டு. இந்தியக் கடற்படையின் கமாண்டர் அபிலாஷ் டோமி 2018இல் கோல்டன் குளோப் பந்தயத்தில் கலந்துகொண்டார். தன்னந்தனியாக, எங்கும் நிற்காமல், பழைய முறைக் கருவிகளோடு உலகைச் சுற்றி வரும் பந்தயம் அது. 1969இல் முதன்முதலாக அப்படிச் சுற்றி முடித்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் சுஹைலி, பம்பாயில் தேக்கில் கட்டிய படகு. அதன் மறுபதிப்பாகக் கோவாவில் கட்டிய படகைத்தான் டோமி எடுத்துப் போனார். பெயர் துரியா. விழிப்பு, கனவு, உறக்கம் மூன்றையும் கடந்த நான்காம் நிலைக்குச் சாத்திரங்கள் வைத்த பெயர்.

செப்டம்பர் 21 அன்று இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், புயலில் துரியா உருண்டது. பாய்மரம் முறிந்தது. டோமிக்கு முதுகெலும்பில் பலத்த காயம். எழுந்து நடக்க முடியவில்லை. உதவி வேண்டும் என்று செய்தி அனுப்பிவிட்டுப் படுக்கையிலேயே கிடந்தார். பாய் இல்லை, சுக்கானைப் பிடிக்கவும் முடியவில்லை. அந்த மூன்று நாட்களும் அவர் பூனைக்குட்டி. செப்டம்பர் 24 அன்று பிரெஞ்சு ரோந்துக் கப்பல் ஓசிரிஸ் வந்து அவரைத் தூக்கி எடுத்தது. அதற்கு முன்னும் பின்னும் அவர் கயிற்றையும் சுக்கானையும் விடாத குரங்குக்குட்டி. ஒரே மனிதருக்கு இரண்டும் பொருந்துகிறது என்றால், தேசிகரும் லோகாசாரியாரும் ஒரே பயணத்தின் வெவ்வேறு வானிலையைச் சொன்னார்கள் என்று கொள்வதே சரி.

முதுகில் அறுவைச் சிகிச்சை முடிந்து, மறுபடி நடக்கப் பழகி, 2022 செப்டம்பரில் அதே பந்தயத்துக்கு பயானத் என்ற வேறொரு படகில் டோமி புறப்பட்டார். 236 நாட்கள் கடலில் இருந்து, 2023 ஏப்ரல் 29 அன்று பிரான்ஸின் லே சாப்ல் தொலோன் துறையில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.